அரை வெளுப்பு

வெளுப்பதையே தொழிலாகக் கொண்ட ஊரில் கறுப்பாகப் பிறப்பது குற்றம் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. எழுதிய சட்டம் என்றால் வக்கீல் கிடைப்பார், வாய்தா கிடைக்கும். எழுதாத சட்டத்தில் தீர்ப்பு மட்டுமே உண்டு. வேல்விழிக்கு அந்தத் தீர்ப்பு 2007ஆம் ஆண்டின் பங்குனி மாதத்தில், ஒரு தட்டுக் கேசரிக்கும் ஒரு தம்ளர் காபிக்கும் இடையில் வழங்கப்பட்டது.

வழங்கியவள் ஒச்சாயி, வேல்விழியின் தகப்பன் சீனிச்சாமிக்கு ஒன்றுவிட்ட தங்கை. உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி நிலம் கைவிட்டபோது, முன்னும் பின்னுமாகப் பஸ் ஏறித் திருப்பூருக்கு வந்த குடும்பங்கள் அவை. ஒச்சாயியின் மகன் மாதவன் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வேல்விழிக்கு வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து முடித்த குழந்தைச் சட்டைகளை விளக்கடியில் விரித்து, கறையையும் ஓட்டையையும் தேடி எடுக்கவேண்டும். முறைப்பெண், முறைமாப்பிள்ளை. பேசி முடிக்க வேண்டியதுதான் பாக்கி என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

“அண்ணே, மருமகளுக்கு ஒரு கொறையும் சொல்ல முடியாது,” என்றாள் ஒச்சாயி. “கையும் சுத்தம், வாயும் சுத்தம். நெறந்தான் கொஞ்சம் மட்டு. மாதவனுக்குப் பக்கத்துல நிப்பாட்டுனா ராவும் பகலுமால்ல தெரியும்?”

“நீ மட்டும் பாலுலயா முங்கி எந்திரிச்ச?” என்று வேல்விழியின் தாய் பாண்டியம்மாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். சிரிப்பு வாயோடு நின்றது.

“அதுனாலதான மதினி சொல்றேன். என் மாமியா சாகுற வரைக்கும் என்னயக் கரிச்சட்டின்னுதான் கூப்புட்டா. பேரச் சொல்லி ஒரு நா கூப்புடல. நான் பட்டது இந்தப் புள்ளைக்கு எதுக்கு? ஆவணியில திரும்ப வந்து பாக்குறேன், தையில கல்யாணத்த வச்சுக்கிருவோம். அதுக்குள்ள மஞ்ச கிஞ்ச தேச்சுப் பாக்கட்டும். நான் வேணாம்னா சொல்றேன்?”

பக்கத்தில் ஒச்சாயியின் இளைய மகள் முனீஸ்வரி தலையைக் குனிந்து கேசரியைத் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்குத் தாயின் நிறம்.

அவர்கள் போன பிறகு லைன் வீட்டின் அந்த ஒற்றை அறையில் எச்சில் தட்டுகள் கிடந்தன. வேல்விழிதான் தட்டுகளை அடுக்கியபடி சொன்னாள்: “எங்க கம்பெனியில இதுக்கு ‘ஷேடு கம்மி’ன்னு ஸ்டிக்கர் ஒட்டுவாங்கப்பா. ரிஜெக்ட் பண்ணலல்ல, சந்தோசப்படு. மறுபடி வெளுக்கத்தான ரீபிராசஸுக்கு அனுப்பியிருக்காங்க.”

சீனிச்சாமி சிரிக்கவில்லை. மகள் சொன்னது அவருடைய தொழில் பாஷை. அந்தப் பாஷையில் அவர் விளையாடுவதில்லை.

நொய்யல் கரையில் ஒரு பிளீச்சிங் பட்டறையில் அவர் துணியைத் தொட்டிக்குள் சுழற்றும் விஞ்ச் இயந்திரத்தை ஓட்டுகிறவர். பின்னல் இயந்திரத்திலிருந்து இறங்கிவரும் துணி பழுப்பாக, எண்ணெய் வாடையோடு வரும். வெளுக்காத அந்தத் துணிக்குத் திருப்பூரில் கோரா என்று பெயர். காஸ்டிக்கிலும் பெராக்சைடிலும் கொதிக்கும் தொட்டிக்குள் கோரா சுருள் சுருளாகச் சுழன்று, ஆவி கூரையை முட்ட, உள்ளே போன பழுப்பு வெளியே பாலாக வரும். ஆடிக் காற்று தகரத்தைப் பெயர்த்தெடுக்கும் நாளிலும் பட்டறைக்குள் வியர்வை நிற்காது. சீனிச்சாமியின் விரல் நுனிகள் வெந்து வெளுத்துப்போனவை. பட்டறையில் பாக்கி உடம்புக்கும் அந்த விரல்களுக்கும் சம்பந்தமில்லை என்று கேலி பேசுவார்கள். தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, இன்னும் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று அவர் சொன்னால் முதலாளி மறுபேச்சுப் பேசமாட்டார். ஒரு விதியை மட்டும் அவர் யாருக்காகவும் தளர்த்தியதில்லை. ஓடுகிற துணியைப் பாதியில் எடுக்கக் கூடாது. மின்சாரம் போய் விஞ்ச் நின்று, அரை வெளுப்பில் துணி தொட்டிக்குள் கிடந்துவிட்டால் திட்டுத் திட்டாகத் தேமல் விழும். அதற்குப் பிறகு எந்த மருந்தாலும் அதை நேராக்க முடியாது. தரை துடைக்கத்தான் ஆகும்.

தெருமுனையில் சித்ராதேவி பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். குன்னத்தூர்க்காரி. புருவம் திருத்தவும் மருதாணி போடவும் வரும் கம்பெனிப் பெண்களுக்கு அலமாரியின் பின்னாலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்துக் கொடுப்பாள். மேலே பெயர் கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரமும் கிடையாது.

“பேரு இல்லீங்களாக்கா இதுல?” என்று வேல்விழி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறை தேடிப் பழகிய கண் அது.

“பேருல என்ன இருக்குது கண்ணு? கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தரு கொண்டாந்து குடுக்கறாரு. வெளிநாட்டுச் சரக்குங்கறாங்க. பேரு ஒட்டுனா வரி போட்டுருவாங்களாமா. எங்கூட்டுப் புள்ளைக்கும் இதையேதான் போடறேன். வேணும்னா சுபஸ்ரீயப் பாரு, அவங்கப்பன் மாதிரி கறுப்பாத்தான் இருந்தா. இப்பப் பாரு.”

வேல்விழி பார்த்தாள். பள்ளிச் சீருடையில் அந்தக் குழந்தை உரித்த பனங்கிழங்குபோல் இருந்தது.

சித்திரை முடிவதற்குள் வேல்விழியின் முகம் தெளிந்தது. வைகாசியில் அது பிறருக்கும் தெரிந்தது. செக்கிங் மேசையில் எதிரே நின்றவள், “கோரா வெள்ளையாயிருச்சுடி,” என்று கூவினாள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தன்னைப் பார்த்து ஒரு கூட்டம் சந்தோஷப்படுவது வேல்விழிக்கு அதுதான் முதல் தடவை.

அவள் நின்ற மேசைமீது கிடந்த சட்டைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் இருந்தது. சாயத்தில் விஷமில்லை, பித்தானில் ஈயமில்லை, நூலில் நஞ்சில்லை என்று சோதித்து, முத்திரை குத்தி, அதன் பிறகே பெட்டி கட்டுவார்கள். கடலுக்கு அப்பால் பிறக்கப்போகும் ஒரு குழந்தையின் தோலில் அரிப்பு வந்துவிடக் கூடாது என்று வாங்குகிறவன் அங்கே கவலைப்படுகிறான். நல்ல கவலை. குழந்தையின் தோல் காக்கப்பட வேண்டியதுதான். அந்தச் சட்டையை விரித்துப் பார்க்கும் கைக்கும், அந்தக் கைக்குரிய முகத்துக்கும் தோல் என்று ஒன்று இருப்பதை யார் கவனித்தார்கள்? துணியில் படுவதற்கு ஆயிரம் தடை வைத்த உலகம், துணியைச் சோதிக்கிறவள்மேல் படுவதற்கு ஒரு தடையும் வைக்கவில்லை. பெயரில்லாத டப்பா தடையில்லாமல் தெருமுனைக்கு வந்தது. தெருமுனையிலிருந்து அவள் கன்னத்துக்கு வந்தது.

ஆனியில் எரிச்சல் தொடங்கியது. மூக்கோரத்தில் தோல் செதில் செதிலாக உரிந்தது. வெயிலில் நடந்தால் முகம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் காந்தியது.

“நிப்பாட்டுடி அந்தச் சனியன,” என்றாள் பாண்டியம்மாள். “கட்டுனா கட்டுறான், கட்டாட்டிப் போறான்.”

“அவன் கட்டுறேன்னுதான் சொல்றான்மா. அத்தைதான்…”

“அவ சொன்னா? அவ என்ன, உலக அழகிப் போட்டிக்கா ஆளெடுக்குறா?”

சாப்பிட்டுக்கொண்டிருந்த சீனிச்சாமி கையை உயர்த்தினார். கருவாட்டுக் குழம்பு விரலிடுக்கில் வழிந்தது. மகளைச் சன்னல் பக்கம் வரச் சொல்லி, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிற அதே பார்வை.

“இப்ப நிப்பாட்டக் கூடாது,” என்றார்.

“ஏன்?”

“பாதி வெளுத்துருக்கு, பாதி வெளுக்கல. இந்தா, கன்னத்துல ஏறியிருக்கு, தாவாக்கட்டையில ஏறல. இந்த நேரத்துல எடுத்தா திட்டு விழுந்துரும். மருந்து வேல செய்யிறப்ப சுருசுருன்னுதான் இருக்கும். பெராக்சைடு பொங்கலேன்னாத்தான் நாங்க பயப்படுவோம்.”

“அது துணிய்யா,” என்றாள் பாண்டியம்மாள்.

“நூலும் பருத்தியில வெளஞ்சதுதான, உசுருள்ள பொருளு. எம்புட்டுத் துணி பாத்திருக்கேன். வேல்விழி, ஒரு வேளை போடுறத ரெண்டு வேளையாப் போடு கண்ணு. சீக்கிரம் முடிஞ்சிரும்.”

அன்பில்லாதவர் சொன்ன சொல் அல்ல அது. தான் அறிந்த ஒரே அறிவை, தான் பெற்ற ஒரே மகளுக்காக ஒரு தகப்பன் முழுமையாகச் செலவிட்டான். வேறு அறிவு அவனை எட்டாதபடி யார் யாரோ எப்போதோ கதவடைத்திருந்தார்கள்.

ஆடி மாதம் வேல்விழியின் முகம் நிறைந்தது. ஒட்டியிருந்த கன்னம் மேடிட்டது. கண்ணிமைகள் காலையில் தடித்திருந்து மத்தியானம் தணிந்தன. வளையல் ஏறவில்லை. “கல்யாணப் பூரிப்பு,” என்றார்கள் அக்கம்பக்கத்தார். செருப்பு வார் பதிந்த இடம் பாதத்தில் வாய்க்காலாகக் கிடப்பதை முதலில் பார்த்தவள் பாண்டியம்மாள்தான். தெருவில் இருந்த டாக்டர் சத்துக் குறைவு என்று டானிக் எழுதினார். சிறுநீர் சோப்பு நுரையாகப் போகிறது என்பதைத் தாயிடம் சொல்லவே வேல்விழி கூச்சப்பட்டாள். சொன்ன அன்றே மூவரும் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள்.

அங்கே ஒரு பெண் டாக்டர், வந்த பரிசோதனைத் தாள்களைவிட வேல்விழியின் முகத்தையே அதிக நேரம் பார்த்தார்.

“முகத்துக்கு என்னம்மா போடுற?”

“ஒண்ணும் இல்லீங்க மேடம்.”

“கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமா இருக்கே. பயப்படாமச் சொல்லு.”

பாண்டியம்மாள் பைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்து மேசைமீது வைத்தாள். அதைக் கையோடு கொண்டுவரும் அளவுக்கு அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. டாக்டர் அதைத் திறந்து பார்த்து, மூடி, தள்ளி வைத்தார்.

“இந்த மாதிரி இதுக்கு முன்னாடியும் பார்த்திருக்கேன். பாதரசம் கலந்திருப்பாங்க. தெர்மாமீட்டர்ல இருக்கே, அது. தோல் வெளுக்கும். தோல் வழியா உள்ள போய் கிட்னியைப் பிடிச்சுக்கும். உடம்புல இருக்கிற சத்தெல்லாம் யூரின்ல போயிட்டிருக்கு. இது பூரிப்பு இல்ல, நீர்.”

“சரியாயிருமா மேடம்?” என்றாள் பாண்டியம்மாள்.

“இன்னைக்கே நிறுத்தணும். உப்பு ஆகாது. சில பேருக்கு மாசக்கணக்குல சரியாகும். சில பேருக்கு ஆகுறதில்ல. இப்பவே என்னால சொல்ல முடியாதும்மா.”

சீனிச்சாமி அதுவரை சுவரோரமாக நின்றிருந்தார். “இப்ப நிறுத்துனா முகம் திட்டுத் திட்டா ஆயிருமே மேடம்?” என்றார்.

டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கோபப்படுவார் என்று தோன்றியது. கோபப்படவில்லை.

“ஆகும்,” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சீனிச்சாமி அந்த டப்பாவைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை பட்டறையிலிருந்து நேராக சீனிச்சாமி பார்லருக்குப் போனார். வழியெல்லாம் வசவுகளை அடுக்கிக்கொண்டு போனார். சித்ராதேவி எழுந்து நின்று, “வாங்கண்ணா, அம்மிணி எப்படி இருக்குது?” என்றாள். டப்பாவை அவள் முன்னால் வைத்து, டாக்டர் சொன்னதை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பள்ளிக்கூடம் விட்டு சுபஸ்ரீ உள்ளே வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து காலுறைகளைக் கழற்றினாள். கணுக்காலுக்கு மேல், எலாஸ்டிக் பதிந்த இடத்தில், கயிறு கட்டி இறுக்கியதுபோல் ஒரு பள்ளம். சீனிச்சாமியின் பேச்சு அங்கே நின்றது.

“என்னங்கண்ணா அப்படிப் பாக்கறீங்கொ? அவ கொஞ்சம் பூசுனாப்டி இருப்பாளுங்க. அவங்கப்பன் வாகு,” என்றாள் சித்ராதேவி. பிறகு, தான் சொன்னதைத் தானே கேட்டவள்போல் மெல்லத் திரும்பிக் குழந்தையின் காலைப் பார்த்தாள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். “அந்தாளு போன் நெம்பர் கூட எங்கிட்ட இல்லீங்கண்ணா. அவராத்தான் வருவாரு, குடுத்துட்டுப் போவாரு.”

வைவதற்கு ஆளில்லாமல் சீனிச்சாமி வெளியே வந்தார்.

அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு யோசனை. பட்டறைத் துணிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்று அவருக்குத் தெரியும். பட்டறை மாதிரிகளைக் கொடுக்க அடிக்கடி போன இடம். குளிரூட்டிய அறையில் திருமூர்த்தி என்ற இளைஞர் இருந்தார். கையில் டப்பாவோடு வந்தவரை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

“இங்க துணி மட்டுந்தானுங்க பாக்கறோம்,” என்றார்.

“உங்க மிசினுக்குத் தெரியுமுல்ல தம்பி, பாதரசம் இருக்கா இல்லையான்னு?”

“மிசினுக்குத் தெரியுமுங்க. துணியில என்ன இருந்தாலும் காட்டிக் குடுத்துரும். ஆனா கிரீமுக்கு நாங்க ரிப்போர்ட் குடுக்க முடியாதுங்க. எங்களுக்கு அனுமதி இல்லீங்க.”

சீனிச்சாமி யோசித்தார். “ஒரு வெள்ளத் துணியில இதத் தேச்சுக் கொண்டாந்தா?”

திருமூர்த்தி பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடிக்கு அப்பால் இயந்திரங்கள் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தன.

“பாக்கலாமுங்க. இருக்குதுன்னே வரும். அந்த பேப்பர யாருகிட்டங்கய்யா குடுப்பீங்க?”

நாடு சுதந்திரம் பெற்று அறுபதாண்டு நிறைவை அந்த மாதம்தான் கொடியேற்றிக் கொண்டாடியிருந்தார்கள். அந்தத் தாளை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு ஒரு குடிமகனிடம் பதில் இல்லை. சீனிச்சாமி டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். “வெயிலா இருக்குதுங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க,” என்றார் திருமூர்த்தி. குடித்துவிட்டுத்தான் போனார்.

கிரீமை நிறுத்திய பிறகு வேல்விழியின் நிறம் உடனே இறங்கவில்லை. நீரும் இறங்கவில்லை. உப்பில்லாத கஞ்சியை அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். “ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கே உப்புப் போடுறாங்கம்மா, நீ அதுக்கும் கீழ போயிட்ட,” என்று தாயைச் சீண்டினாள். பாண்டியம்மாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நாள் குறித்தபடி ஆவணியில் ஒச்சாயி வருவதாகச் சொல்லியனுப்பியபோது, வர வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

வந்தாள். மாதவனுக்குக் கம்பெனியில் சிப்மென்ட். தாயும் மகள் முனீஸ்வரியும் மட்டும் மல்லிகைப் பூவோடும் ஒரு சீப்புப் பழத்தோடும் வந்திருந்தார்கள். வெளியே தூறல். முனீஸ்வரி குடையை வாசல் மூலையில் சாய்த்துவைத்தாள். வாசற்படியிலேயே ஒச்சாயி நின்றுவிட்டாள்.

“ஆத்தே, இது யாரு, நம்ம வேல்விழியா?” அருகே வந்து இரண்டு கையாலும் வேல்விழியின் கன்னத்தை ஏந்தினாள். “என்னா நெறம், என்னா நெறவு. எலும்பும் தோலுமா இருந்த புள்ளைக்கு எம்புட்டுக் கள வந்துருச்சு. மதினி, நீ கெட்டிக்காரி. தை வரைக்கும் எதுக்கு? ஐப்பசியிலயே வச்சிருவோம் அண்ணே. மாதவன் பாத்தான்னா நாளைக்கேம்பான்.”

சீனிச்சாமி பாயின் ஓரத்தைக் கோதிக்கொண்டிருந்தார். பாண்டியம்மாள் வடைத் தட்டை நடுவில் வைத்துவிட்டுச் சுவரோடு ஒடுங்கினாள். ஒச்சாயி தன் கையாலேயே வேல்விழிக்குப் பூ வைத்தாள். ஒரு வடையைப் பிட்டு, ஊதி, வாயருகே கொண்டுபோனாள்.

“ஒரு வாய் வாங்கிக்கடி. அத்தை கையால.”

வேல்விழி வாங்கிக்கொண்டாள். எத்தனையோ வாரமாக நாக்கு மறந்திருந்த உப்பு. அவள் மெல்லவில்லை.

“துப்பிரு கண்ணு,” என்றாள் பாண்டியம்மாள். “அவளுக்கு உப்பு ஆகாது மதினி.”

“உப்பு ஆகாதா? ஏன்?”

பாண்டியம்மாள் சீனிச்சாமியைப் பார்த்தாள்.

“நாக்குல புண்ணு,” என்றார் சீனிச்சாமி. “வேற ஒண்ணும் இல்ல. சூட்டுக்கு வந்தது. நீ நாளப் பாரு ஒச்சாயி.”

வேல்விழி வாயிலிருந்ததைக் கையில் துப்பினாள். புடவையைக் கெண்டைக்கால்வரை தூக்கி, காலின் முன்னெலும்பின்மீது பெருவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்தாள். அழுத்திய இடத்தில் ஒரு குழி, பிசைந்த மாவில் விழுந்ததுபோல். எல்லோரும் பார்த்தார்கள். குழி மேடாகவில்லை.

“கள இல்ல அத்தை. நீரு,” என்றாள். “நெறத்துக்குன்னு பார்லர் அக்காட்ட வாங்கி ரெண்டு வேளையும் போட்ட கிரீமு கிட்னியப் புடிச்சிருச்சு. சரியானாலும் ஆகுமாம். ஆகாட்டியும் ஆகாதாம். ஐப்பசியில எப்படி இருப்பேன்னு டாக்டருக்கே தெரியல.”

ஒச்சாயி குனிந்து தன் விரலால் அந்தக் குழியைத் தொட்டாள்.

“மஞ்சத்தானடி தேய்க்கச் சொன்னேன்,” என்றாள். “நான் மஞ்சன்னுதான சொன்னேன்? அண்ணே, நீயே சொல்லு.”

“நீ மஞ்சன்னுதான் சொன்ன,” என்றார் சீனிச்சாமி.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேல்விழியின் தலையைத் தடவினாள். பையைத் தேடி எடுத்தாள். “மாதவன்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு…” என்று தொடங்கி, முடிக்காமல், படியிறங்கினாள். முனீஸ்வரி பின்னாலேயே போனாள். சீனிச்சாமி பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேறினார். பாண்டியம்மாள் வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே குழாயைத் திறந்துவிட்டாள். அழுகைச் சத்தம் அதில் பாதி மறைந்தது.

சிறிது நேரத்தில் முனீஸ்வரி திரும்பி வந்தாள்.

“குடைய விட்டுட்டேன் மதினி.”

“அந்தா இருக்கு பாரு.”

குடையை எடுத்தவள் போகவில்லை. தெருப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

“மதினி, அந்தக் கிரீமு விக்கிற அக்கா கடை எந்தப் பக்கம்?”

வேல்விழி அவளையே பார்த்தாள். “இப்பத்தான பாத்த?”

“பாத்தேன்.”

“குழி விழுந்துச்சுல்ல?”

“விழுந்துச்சு.” முனீஸ்வரி குடைக் கம்பியை மடக்கி மடக்கி விரித்தாள். “அடுத்த மாசம் என்னயப் பாக்க வர்றாக மதினி. நீங்க ரெண்டு வேளையும் தேச்சீங்கள்ல, அதான் அப்படி ஆயிருக்கும். நான் கொஞ்சமாத்தான் போடுவேன்.”

“அந்தக் கடைய மூடிட்டாங்கடி,” என்றாள் வேல்விழி. கடை திறந்துதான் இருந்தது.

“சரி மதினி. பல்லடத்துலயும் ஒரு அக்கா விக்கிதாம். எங்க லைன்ல ஒரு புள்ள சொன்னா. அங்க பாத்துக்கிறேன்.”

தெருவிலிருந்து ஒச்சாயி கூப்பிடும் குரல் கேட்டது. முனீஸ்வரி எழுந்து ஓடினாள். வேல்விழி சுவரைப் பிடித்து எழுந்தாள். பாதம் செருப்புக்குள் நுழையவில்லை. வெறுங்காலோடு சேற்றில் இறங்கி, வாசல் நிலையைப் பிடித்தபடி, “முனீஸு, ஏய் முனீஸு, நில்லுடி,” என்று கத்தினாள்.

தெருத் திருப்பத்தில் முனீஸ்வரி திரும்பினாள். மழையில் என்ன சொல்கிறார்கள் என்று காதில் விழவில்லை. வழியனுப்புகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள்.